மேரியம்மா ஆடாமல் உட்கார்ந்த அன்று

கண் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் ரூம் அட்டெண்டராகப் போட்ட முதல் நாளே டாக்டர், "பேஷன்ட் ஆடக் கூடாது. அது உன் பொறுப்பு" என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. பேஷன்ட் தாடை வைக்கும் பலகையின் திருகை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். வில்லியனூர் பஸ்ஸில் ஏறிய பிறகு, நான்காவது தடவை பார்த்திருக்கலாமோ என்றிருக்கும்.

வயசானவர்கள் சிலருக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் கசிந்து, நடுப்பார்வை போய்விடும். கண்ணில் ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை ரேடியேஷன் கொடுத்தால் சிலருக்கு ஊசி குறையலாம். போன பார்வை திரும்பாது. டாக்டர் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவார்.

மேரியம்மாவிடமும் சொன்னார். பாகூர்க்காரர், கரும்பு வெட்டிய கை. மகள் ஆறு வருஷம் கழித்துப் பிரான்ஸிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். போனில் பார்த்தால் அவள் முடி தெரிகிறது, கம்மல் தெரிகிறது, மூஞ்சி இருக்கிற இடத்தில் புகைதான் என்றார்.

சொட்டுமருந்து விட்டுக் கண்மேல் லென்ஸை ஒட்டினார்கள். கண் அசைந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். மூன்று தடவை நின்றது. பயத்தில் அவர் உடம்பே நடுங்கியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டாக்டர் வாட்ச்சைப் பார்த்தார். நான் உள்ளே போய் மேரியம்மாவின் காதருகே குனிந்தேன்.

"பொண்ணு மூஞ்சி தெரியணுமா வாணாமா? ஆடாம இரும்மா."

"தெரியுமாப்பா?"

"தெரியும்."

பிறகு அவர் அசையவே இல்லை. டாக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பொங்கல் கழித்து மேரியம்மா செக்கப்புக்கு வந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டதும் நான் ஸ்டோர் ரூமில் போய்ப் பஞ்சை அடுக்கினேன். கசிவு அடங்கியிருக்கிறது, இன்று ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்த பிறகே வெளியே வந்தேன்.

"பொண்ணு வந்துச்சாம்மா?"

குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். "வந்தா தம்பி. நேரா பாத்தா புகைதான். கம்மலயே பாத்துகினு இருந்தா ஓரத்துல மூஞ்சி லேசா தெரிஞ்சிது. 'இன்னாம்மா, எம் மூஞ்ச பாக்கவே மாட்டன்ற'ன்னு கோச்சிகினு பூட்டா."

"கண்ணு தெரியலன்னு சொல்லலியா?"

"நீதான் தெரியும்னு சொன்னியே. சரியாப் பூடுச்சுன்னு போன்லயே அவகிட்ட சொல்லிட்டேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நடுங்குகிறவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடாமல் இருந்தால் சீக்கிரம் முடியும் என்று சொல்லுங்கள். அது உண்மை, அது போதும்.

அன்றே அந்த மகளின் நம்பரை வாங்கியிருக்கலாம். தைரியம் வரவில்லை. ரிட்டயர் ஆகியும் கிறிஸ்துமஸ் வந்தால் மனசுக்குள் அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்: உங்கம்மா கம்மலைப் பார்க்கவில்லை பாப்பா, உன்னைத்தான் பார்த்தார்.