ஒற்றைக்கால் மயில்

வெடிக்காத பொருளை விற்றும் சிவகாசியில் பிழைக்கலாம் என்று நம்பிய வெகு சிலரில் பீர் முகைதீன் ஒருவர். அத்தாவின் பட்டாசுக் கடையை விட்டு விலகி, 2000-ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர் கடை போட்டார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வாங்கும்போது மட்டும் அவர் லேபிள் எழுத்தைப் படிக்கமாட்டார். கோழி வாங்குகிறவர் மாதிரி வலது கையில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே செம்பும் இரும்பும் இருந்தால் கனக்கும். பொய் கனக்காது.

2007 தீபாவளி சீசனில், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் உக்கிரபாண்டி பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றோடு வந்தார். வடக்கத்தி வியாபாரிகள் டிசைன் பார்க்க இரண்டாவது திரை வேண்டுமாம். கூடவே, மதுரையில் அவரே வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.

பீர் முகைதீன் தூக்கினார். கை தானாக மேலே போயிற்று. பெருவிரலுக்கு லேபிள் தடித்துத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இது வெறும் டப்பா. இந்தக் கார்டு யானைத் தீனி கேக்கும். பன்னெண்டு வோல்ட் லைன்ல ஆம்பியர் நின்னு கொடுக்கணும். இது நிக்காது."

"ஐநூறு வாட்னு போட்டிருக்குல்லா?"

"ஆயிரம் வாலான்னுந்தான் போடுதீக. எண்ணிப் பாத்தீகளா?"

உக்கிரபாண்டி லேபிளில் இருந்த மயில் படத்தைக் காட்டிச் சிரித்தார். "அச்சப் பாருங்க பாய். மயிலு எம்புட்டுச் சுத்தமா விழுந்திருக்கு! டூப்ளிகேட்டுல இப்படி வருமா?"

"ஒத்தக் கால்லதான நிக்கி?"

"சீசன் நேரம். மாட்டுங்க."

பீர் முகைதீன் மாட்டினார். பெருவிரல் சொன்னதைக் கேட்காமல் அவர் செய்த ஒரே வேலை அது.

மூன்றாம் நாள் உக்கிரபாண்டியின் பிரஸ்ஸில் அது வெடித்தது. உள்ளே இருந்த சுண்டுவிரல் அளவு கெப்பாசிட்டர்தான். ஆனால் அந்த ஊரில் சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று பார்ப்பதில்லை; நின்று பார்த்தவர்கள் யாரும் மிஞ்சாததால் வந்த பழக்கம். பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த முப்பது பெண்களும் ஒரே வாசலுக்குப் பாய்ந்தார்கள். முதலில் விழுந்தவள் குருவம்மாள். மற்ற இருபத்தொன்பது பேரும் அவள்மேல் ஓடினார்கள். வலது மணிக்கட்டு எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பிரஸ்ஸில் ஒரு காகிதம்கூடக் கருகவில்லை.

மறுநாள் காலை அவள் புருசன் மாரிக்கண்ணன், அதே பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவன், இரும்புக் கம்பியோடு கடைக்குள் வந்தான். முதல் அடியில் மானிட்டர் சிதறியது. இரண்டாவது அடி பீர் முகைதீனின் வாயில் விழுந்தது. பல் ஒன்று கீபோர்டில் தெறித்தது. பின்னாலேயே வந்த உக்கிரபாண்டி, வெடித்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சாட்சிக்கு மேசையில் வைத்தார்.

"மாட்டுனது இவருதாம்லே."

மாரிக்கண்ணன் பாயின் வலது கையை மேசையோடு அழுத்தினான். "எம் பொண்டாட்டி கைக்கு இந்தக் கை. அம்புட்டுதான்."

அந்தக் கைதான் கடை. பீர் முகைதீன் ரத்தத்தை விழுங்கினார்.

"அடிப்பா. அதுக்கு முந்தி இதப் பாரு." இடது கையால் பெட்டியின் மேல் லேபிளைக் கிழித்தார். அடியில் இன்னொரு லேபிள்: இருநூறு வாட்.

மாரிக்கண்ணன் பார்த்தது கிழிந்த லேபிளை. "ஏ, இது நம்ம புஸ்வாணப் பெட்டி மயில்லா? அச்சுப் பிளேட்டு தேஞ்சு ஒத்தக் கால் விழாம போச்சே, அந்த மயிலு!" உக்கிரபாண்டி பக்கம் திரும்பினான். "டெல்லி ஏஜெண்டு ஸ்டிக்கர் ஆர்டருக்கும் இதே மயிலத்தான அடிச்சீக. நாந்தான மொதலாளி லோடு ஏத்துனேன்?"

ஊருக்கே லேபிள் அடிப்பவர் தன் லேபிளைத் தானே நம்பிக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்.

கம்பி உக்கிரபாண்டியின் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தெருவரை கேட்டது. அடுத்த அடி அவர் தலைக்கு ஓங்கியது. பீர் முகைதீன் குறுக்கே கையை நீட்டினார். சற்றுமுன் பாடுபட்டுக் காப்பாற்றிய அதே கை. இரண்டு விரல்கள் நசுங்கின.

ஒரு கெப்பாசிட்டருக்கு மூன்று வலது கைகள்.

அடுத்த சீசனில் உக்கிரபாண்டி புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றோடு வந்தார். உள்ளங்கையால் லேபிளை மூடியிருந்தார்.

"எழுத்தப் பாக்காதீக பாய். தூக்கிப் பாருங்க. கனக்குதா?"

பீர் முகைதீன் தூக்கினார்.

"எல்லாமே கனக்குது அண்ணாச்சி. இது இடக்கையில்லா."