காரைக்குடிக்கு இரண்டு டிக்கெட்

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பன்னிரண்டு வருசமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் நிலத்தை யார் வாங்கினார், யார் பிள்ளைக்கு எத்தனை மார்க், எல்லாம் என் மெஷினில் குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். ஒன்றையும் வெளியே சொல்லமாட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது, அனுசுயா வந்து நின்ற அந்தக் காலை வரைக்கும்.

அனுசுயாவுக்கு அனுமந்தன்பட்டி. திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிற வேலை. முப்பத்திரண்டு வயதில் காரைக்குடிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்து, மத்தியானச் சோற்று நேரத்தில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து படித்து, மூன்றே வருசத்தில் முடித்தாள். கூடப் படித்தவள் சொர்ணலதா, பஜாரில் பாத்திரக்கடைக்காரர் மனைவி. படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அனுசுயா உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்தான் அவள் கரையேறினாள்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் ஒரே ஓர் இடம் காலி. டிகிரி சான்றிதழ் கேட்டார்கள். வெயிலில் நிற்காத வேலை, அனுசுயாவுக்கு அதன் மேல் உயிர். நேரில் போய்ச் சான்றிதழை வாங்கிவிடலாம் என்று கிளம்பியவளைச் சொர்ணலதாதான் நிறுத்தினாள்.

"அவசரப்படாத அனு. கடைசித் தேதிய மாசக் கடைசிக்குத் தள்ளிட்டாக. கடையில வேல முடியட்டும், ரெண்டு பேரும் சேந்தே போவோம். செட்டிநாட்டு வீடெல்லாம் பாத்துட்டு வருவோம்."

இருபதாம் தேதி முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். அனுசுயா மதுரையைத் தாண்டியதே கிடையாது. இரண்டு பேருக்கும் எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டு, நல்ல சேலை உடுத்திப் போனாள்.

காரைக்குடியில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் வழி கேட்க இவள் ஆள் தேடினாள். சொர்ணலதாவோ யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்து, சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். "போர்டப் பாத்தேன்" என்றாள். பிறகு கைப்பையைத் துழாவினாள்.

"அய்யய்யோ, ஹால் டிக்கெட்ட வீட்டுலயே வச்சிட்டேன். நீ வாங்கிக்க, நான் அப்பறம் வந்து வாங்கிக்கிறேன்."

அனுசுயா அவளுக்காக வருத்தப்பட்டாளாம். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

கையெழுத்துப் போட நோட்டைத் திருப்பி வைத்தார்கள். இடது பக்கத்தில் சொர்ணலதாவின் பெயர், கையெழுத்து. மூன்றாம் தேதி.

அனுசுயா அங்கேயே நின்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். கடைசித் தேதியை யாரும் தள்ளவில்லை. பத்தாம் தேதியே முடிந்து, ஆளும் எடுத்தாகிவிட்டது.

"யாரு, நீயா?"

சொர்ணலதா தலையாட்டினாள். "ரெண்டு பேரும் போட்டா ஒனக்குத்தான அனு கெடைக்கும்?"

மூன்று வருசத்தில் அவள் அனுசுயாவைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். செட்டிநாட்டு வீடு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. திரும்பும்போது ஆளுக்கொரு சீட். எலுமிச்சை சாதம் பிரிக்காமலே ஊர் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை என் கடையில் நின்று இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சான்றிதழை நீட்டினாள். நான் வாங்கப் போனபோது சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஜாஸ்பர் அண்ணே, அவ இங்கனதான காப்பி எடுத்திருப்பா?"

இங்கேதான் எடுத்தாள், நாலாம் தேதி. "அனுகிட்ட சொல்லிராதீக, நானே சொல்லிக்கிறேன்" என்றாள். ஏழாம் தேதி அனுசுயா வந்து, "நானும் லதாவும் காரைக்குடி போறோம்ணே" என்று அப்படிச் சிரித்தாளே, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"ஆமாத்தா" என்றேன்.

"அப்ப நான் வந்து சொல்லயில ஒங்களுக்குத் தெரியும்."

சான்றிதழைக் கவருக்குள் வைத்துக்கொண்டு, நாலு கடை தள்ளி இருக்கிற இன்னொரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் நின்றாள். அந்த மெஷினில் கறுப்புக் கோடு விழும். அவளுக்கும் அது தெரியும்.