மூன்றாவது வரிசையில் அக்கா

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோவில் அவனுக்கு ‘நொய்நொய்’ என்று பெயர். முடிந்த வேலையை முடிந்தது என்று விட்டுவிட்டு எழுந்து போகத் தெரியாத பிறவி. வாடிக்கையாளர் வாசலைத் தாண்டியிருப்பார். இவன் பின்னாலேயே ஓடி, “சார், பொண்ணு முகம் கொஞ்சம் மங்கலா இருக்கு, நாளைக்கு வாங்க” என்பான்.

அப்படிப்பட்டவன் கையில் அக்கா ஒரு டிவிடியைக் கொடுத்தாள். கல்லூரி நாளில் ஒரு சினிமாவில், நீதிமன்றக் காட்சியில், கூட்டத்தோடு கூட்டமாக அவள் உட்கார்ந்திருந்தாளாம். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. “உங்கம்மா பெரிய நட்சத்திரம்டி, தள்ளி நில்லு” என்று அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, தன் மகளிடம் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். அந்தச் சிரிப்பை அக்கா இத்தனை வருஷம் மென்று விழுங்கியிருக்கிறாள். பழைய கடையொன்றில் தேடிப் பிடித்த டிவிடி அது. இன்னொன்று கிடைக்காது.

“வீட்டுல டிவிடி பிளேயர் இல்லடா. பென் டிரைவ்ல போட்டுக் கொடு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கும்போது காட்டணும். அது போதும் எனக்கு.”

முதல் தடவையே படம் முழுசாகக் கணினியில் இறங்கிவிட்டது. மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அக்கா! இரட்டைப் பின்னலும் எடுப்பான மூக்குமாக. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் யாராவது கையசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். இருட்டான இடமெல்லாம் புள்ளிகள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மென்பொருளில் போட்டுக் கோடுகளை எடுத்தான். புள்ளியைத் துடைத்தான். இன்னும் கொஞ்சம் துடைத்தான். நீதிபதியின் முகம் பளபளத்த பிறகுதான் மூச்சே வந்தது. இடம் போதவில்லை என்று முதல் பிரதியை அழித்தும் விட்டான்.

அதிலும் மனசு அடங்கவில்லை. டிஸ்க்கில் கீறல் இருக்கிறதே, மெருகேற்றினால் இன்னும் தெளியுமோ?

“கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் படிச்சாச்சுன்னா படிச்சதுதான். தேய்ச்சா படம் கூடிடாது” என்றார் பக்கத்து மேசை போட்டோக்காரர்.

அது அவனுக்கே தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பற்பசை வைத்துத் தேய்த்தான். அதன்பின் எந்தக் கணினியும் அந்த டிஸ்க்கைப் படிக்கவில்லை. போனால் போகிறது, சுத்தமான பிரதிதான் இருக்கிறதே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா டிவிக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். நீதிமன்றம் வந்தது. “இதோ, இதோ, தூணுக்குப் பக்கத்துல!” என்று கத்தினாள். தூண் இருந்தது. பின்னல்கூட இருந்தது. முகம் இருந்த இடத்தில் பிசைந்த மாவுதான் இருந்தது. பெரிய முகத்தையே பார்த்துத் துடைத்தவன், பின்வரிசைச் சின்ன முகங்களும் புள்ளியோடு புள்ளியாகப் போனதைக் கவனிக்கவே இல்லை.

“இதுல யாரு வேணாலும் நான்தான்னு சொல்லிக்கலாமே!” மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“இல்ல மாமா, அக்காதான். முதல்ல தெளிவா இருந்துச்சு. நான்தான் துடைச்சுத் துடைச்சு அழிச்சுட்டேன். சத்தியமா.”

“அக்காவைத் தம்பி விட்டுக்கொடுப்பானா!” என்று மாமா தன் மகளின் தோளைத் தட்டினார். அவளும் சிரித்தாள்.

அக்கா மட்டும் அவன் பக்கம் திரும்பினாள். அவன் சொன்னதை அவள் நம்பிவிட்டாள், முகத்திலேயே தெரிந்தது.

“அழுக்கா இருந்தா என்னடா,” என்றாள் மெதுவாக. “நான் இருந்தேன்ல?”