கட்டித் தயிருக்காகச் சொன்ன பொய்

நூற்பாலைகளுக்கு வேண்டிய பாபின், பெல்ட், பேரிங் மாதிரிச் சாமான்களை விற்கும் மதுரைக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எண்பதுகளின் நடுவில் மாதத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி ராஜபாளையம் போவேன். இரண்டு நாள் மில் மில்லாக ஏறி இறங்கிவிட்டு, மூன்றாம் நாள் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவேன். வீட்டில் கேட்டால் வேலை வேலை என்று அலைகிறேன் என்பேன். உண்மையில் அந்த மூன்று நாளும் வயிறுதான் என்னை நடத்தியது. எந்த மேனேஜரை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதை, எந்தக் கடையில் எது எப்போது சூடாக இறங்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் வாசல் டீக்கடை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க வெளியே வருகிறவர்களும், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு உள்ளே போகிறவர்களும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் இன்னொரு டீக்கடை. பால்கோவா கிண்டுகிற ஊரில் டீயில் தண்ணீர் கலக்க யாருக்கும் மனசு வராது போல. அங்கே ஒரு டீ குடித்தால் மதுரை வரை பசிக்காது.

இவை எல்லாம் ஓரம்தான். என் பயணத்தின் மையம் ராஜபாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய சைவ ஓட்டல். பளிங்குக்கல் போட்ட மேசைகள், உட்கார்ந்தால் முனகுகிற மர நாற்காலிகள், 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று ஒரு போர்டு, அந்தப் போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து அரசியல் பேசும் நாலு பேர். கல்லாவில் இருந்த முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைப் பார்த்தால் 'ரண்டி, ரண்டி' என்று வரவேற்பார். எனக்குத் தெலுங்கில் அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

அங்கே ஒரு சப்ளையர் இருந்தார். முப்பத்து மூன்று வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தாய் தகப்பன் இல்லை. ஆள் ஒல்லி. ஆனால் மதியக் கூட்டத்தில் அவர் ஒருவரே மூன்று பேர் வேலை பார்ப்பார். யாருக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்க மாட்டார், தெரிந்து வைத்திருப்பார். ஒருநாள் ஒரு லாரி டிரைவர் ரசத்தில் உப்பு இல்லை என்று கத்தினார். அந்த ரசத்தை நானும் குடித்தேன், உப்பு சரியாகத்தான் இருந்தது. இவர் 'சரிண்ணே' என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேறு கிண்ணத்தில் அதே ரசத்தைக் கொண்டுவந்து வைத்தார். டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, 'இப்பம் எப்படி இருக்கு பாரு' என்றார். சப்ளையர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்குத்தான் புரையேறியது.

எனக்கு அவர் செய்து வந்த உபகாரம் தயிர். பானையின் மேல்பாகத்தில் ஏடோடு இருக்கும் கட்டித் தயிரை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, சமையல்கட்டு ஜன்னல் ஓரத்தில் மூடி வைத்திருப்பார். மற்ற எல்லாருக்கும் வாளியில் வருவது மோர். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த என் இடத்தில் நான் ரசம் சாதத்தை முடித்ததும் அந்தக் கிண்ணம் வரும். ஏன் எனக்கு மட்டும் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மாதம் இரண்டு முறை மரியாதையோடு நடத்தப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. மேனேஜர்கள் என்னை அப்படி நடத்தவில்லை.

ஒரு ஆவணி மாதத்து மதியம் என் எதிரே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் காய்ந்த முகம். அவர் சாப்பாட்டைக் கவனிக்கவே இல்லை. சப்ளையர் போகும் இடமெல்லாம் அவர் கண் போனது. இலை போடும்போது கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி இங்க வாடிக்கையா?"

"ஆமா அண்ணாச்சி."

"இவரு எம்புட்டு வருசமா இங்க இருக்காரு? ஆளு எப்படி?"

எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன் என்பதுதான் சரி. அந்த நாளில் ஓட்டல்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சப்ளையர், நல்ல மாஸ்டர் என்று கேள்விப்பட்டால், வெளியூர் முதலாளி சாதாரண ஆள் மாதிரி வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். வேலையை நோட்டம் பார்ப்பார். பக்கத்தில் இருக்கிறவரிடம் இரண்டு வார்த்தை விசாரிப்பார். அடுத்த வாரம் அந்த ஆள் அவருடைய கடையில் இருப்பான். எதிர்த்த கடைப் பரோட்டா மாஸ்டரைச் சங்கரன்கோவில்காரர் ஒருவர் அப்படிக் கொத்திக்கொண்டு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதோ, என் தயிருக்கு ஆபத்து வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவரா?" என்று இழுத்தேன். "வேலை தெரியும். ஆனா கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. போன மாசம் ஒருத்தர் மேல சாம்பார் வாளியையே கவுத்துட்டாரு."

"அப்படியா?"

"ஒரு இடத்துல நிலையா நிக்கவும் மாட்டாரு. சொல்லாம கொள்ளாம சிவகாசிக்குப் போயிருவாரு. மூணு தடவை போயிட்டு வந்துட்டாரு."

குடிப்பார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவன். பெரியவர் 'ம்' என்றார். சப்ளையர் எனக்குத் தயிர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். சப்ளையர் எனக்குத் தயிர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பெரிய காரியம் சாதித்த திருப்தியோடு தயிரை வழித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த முறை போனபோது புரட்டாசி பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், கூட்டம் வடிந்த நேரம். தயிரைக் கொண்டுவந்த சப்ளையர் போகாமல் மேசைப் பக்கத்திலேயே நின்றார்.

"ஒரு சம்பந்தம் வந்துச்சு சார். கை கூடி வந்து தட்டிப் போச்சு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வன்னியம்பட்டிப் பெண். அவளுடைய அப்பாவுக்கு மடவார் வளாகத்தில் ரோட்டோரமாக ஒரு சின்ன இடம் இருக்கிறது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை அங்கே சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன்னால் வந்த ஐந்தாறு சம்பந்தமும், ஓட்டலில் இலை போடுகிறவன் என்பதாலேயே நின்றுபோயின. இவர்கள் மட்டும்தான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

"பொண்ணோட அப்பா இங்கயே வந்து சாப்பிட்டுப் பாத்துட்டுப் போயிருக்காரு சார். எனக்கே தெரியாது. பொறவு வேண்டாம்னு சொல்லி விட்டுட்டாரு. கோவக்காரன்னு யாரோ சொன்னாகளாம்."

அந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னார். ஊரணிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு என்றும் சொன்னார். வழக்கமாக அவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை. பேசிவிட்டு, ஈரத்துணியால் பக்கத்து மேசையைத் துடைக்கப் போய்விட்டார். அந்தத் தயிரை முதல் முறையாக மீதம் வைத்தேன்.

அன்று லாட்ஜில் படுத்துக்கொண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். தெரிந்தா சொன்னேன்? ஓட்டல் முதலாளி என்று நினைத்துத்தானே சொன்னேன்? அப்படியே இருந்தாலும், நல்ல சம்பளத்துக்குப் போக இருந்த ஒருவரைத் தடுத்திருப்பேன், ஒரு கிண்ணம் தயிருக்காக. எப்படிப் புரட்டினாலும் அது அயோக்கியத்தனம்தான். நாங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். எங்கள் சபையில் பாவத்தைப் போய்ச் சொல்ல ஒரு பாதிரியாரோ மரக்கூண்டோ கிடையாது. கத்தோலிக்க நண்பர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது அந்த ஒருநாள்தான்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்ற குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. எல்லாரும் ஒரு மலைக்குப் போக, நான் மட்டும் வன்னியம்பட்டி டவுன் பஸ்ஸைத் தேடி ஏறினேன். ஊரில் இறங்கி டீக்கடையில் வீடு எது என்று விசாரித்தேன். இந்தத் தடவை விசாரிக்கிறவன் நான்.

பெரியவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அவர்களும் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்த் திரும்பி, வீட்டில் தளிகை போட்டுச் சாமி கும்பிட்டு முடித்திருந்தார்கள்.

"வாங்க தம்பி. மொதல்ல சாப்பிடுங்க, பொறவு பேசுவோம்."

சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கண்டிப்பு. அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு வாரம் பேச மாட்டாள். ஆனால் நான் வந்த காரியத்துக்கு அந்த வீட்டில் இலையை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. உட்கார்ந்தேன். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, உளுந்த வடை. அவருடைய மகள்தான் பரிமாறினாள். கடைசியில் மோர் ஊற்றினாள். தண்ணீராக இருந்தது. எனக்கு வேண்டியதுதான்.

கை கழுவி வந்து, நின்றபடியே சொன்னேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது அம்புட்டும் பொய். அவரு யாரையும் அதட்டிக்கூடப் பேசி நான் பாத்ததில்ல. அந்த ஓட்டலை விட்டு வேற ஊருக்குப் போனதும் இல்ல."

"பொறவு எதுக்குச் சொன்னீக? அவரு உங்களுக்கு ஆகாதவரா?"

"இல்ல. உங்களை ஓட்டல் முதலாளின்னு நினைச்சிட்டேன். ஆளை இழுத்துட்டுப் போக வந்திருக்கீகன்னு பயந்துட்டேன். எனக்கு மட்டும் அவரு கட்டித் தயிர் எடுத்து வைப்பாரு. அது போயிருமேன்னு சொல்லிட்டேன்."

"தயிருக்கா?"

"ஆமா."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே அடங்கியது. பெரியவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்குப் பொய் சொன்ன வாயி. இன்னைக்கு நெசம் சொல்லுதுன்னு நான் எப்படி நம்ப?"

நியாயமான கேள்வி. "இந்தக் கல்யாணம் நடந்தா அவரு ராஜபாளையத்தை விட்டு வந்துருவாரு. எனக்குத் தயிர் கிடையாது. இன்னைக்கு நான் சொல்றது எனக்கு நஷ்டம் அண்ணாச்சி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போயிட்டு வாங்க. பாப்போம்" என்றார். பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வரும் போல இருந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நான் போனேன், ஆனால் முன்வரிசையில் உட்காரக் கூச்சமாக இருந்தது. மாசியில் மடவார் வளாகத்தில் கடை திறந்தார்கள். ராஜபாளையம் ஓட்டலில் புதிதாக வந்த சப்ளையர் எனக்கும் வாளியில் இருந்து மோரை ஊற்றிவிட்டுப் போனார். இரண்டு முறை அங்கே சாப்பிட்டுவிட்டு என் பயணத்திட்டத்தையே மாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று ஆனது. நாலே மேசை உள்ள கடை. கல்லாவில் அந்தப் பெண் இருப்பாள். அவர் பரிமாறுவார். ரசம் முடிந்ததும் கிண்ணம் வரும்.

தொண்ணூறுகளில் கம்பெனி எனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தது, தலையில் நரை வந்தது, அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நான் வன்னியம்பட்டிக்குப் போன கதையை அவரிடம் சொல்லவே இல்லை. மாமனாரும் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் காலமாகி, துக்கம் விசாரிக்கப் போன அன்றுதான் இனிமேலும் மறைப்பது தப்பு என்று தோன்றியது. அடுத்த பயணத்தில், மற்றவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அவர் என் எதிரே வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அண்ணே, உங்க கல்யாணம் முதல்ல ஒரு தடவை தட்டிப் போச்சே, அப்ப உங்களைப் பத்தித் தப்பாச் சொன்னது..."

"நீங்கதான். தெரியும் சார்."

"எப்பத் தெரியும்? மாமா சொன்னாரா?"

"அதுக்கு முந்தியே. தரகர் வந்து சொன்னாரு. ஃபேனுக்கு அடியில உக்காந்து கட்டித் தயிர் சாப்பிடுற ஆளு சொன்னாருன்னு. கட்டித் தயிர் நான் வேற யாருக்கு வச்சேன்?"

அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை, எல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தக் கிண்ணத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா தயிர் வச்சீங்க?"

"கோவம் இருந்துச்சு சார். இல்லாம இருக்குமா? ஆனா சொன்ன ஆளுதான மாத்திச் சொல்ல முடியும்? மாமா பேரு, ஊரணி, ஓட்டு வீடுன்னு அம்புட்டும் உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னு நினைச்சீக?"

கல்லாவில் அவர் மனைவி குனிந்து எதையோ தேடுவது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் அன்று கேட்ட அதே சிரிப்பு. அவர் எழுந்து, தயிர் கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.

"இல்லண்ணே, மோர் போதும்" என்றேன்.

காதில் விழாதவர் மாதிரி உள்ளே போய், கிண்ணத்தைக் கொண்டுவந்து என் இலை ஓரத்தில் வைத்தார்.