கதவு வைக்காத பள்ளிக்கூடம்

இல்லை, அவர் உயிரோடுதான் இருக்கிறார். எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு இடம் கொடுத்து, பெயரும் கொடுத்த அஞ்சலையம்மாள் இன்று காலை மாமல்லபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா டீச்சரம்மா, நேத்து கன்னியம்மாவை வெளிய நிக்க வச்சியாமே?”

“தினம் லேட்டா வராளே, அம்மா.”

“கருவாடு காயவச்சிட்டுத்தானே வருது? எப்ப வந்தாலும் உள்ள வுடணும்னுதான், கதவே வைக்கக் கூடாதுன்னு சொல்லி எடம் குடுத்தேன். இப்ப அந்தப் பொண்ணு பள்ளிக்கூடமே வாணாங்குது.”

கதவில்லாததை வறுமை என்று நினைத்திருந்தேன். கதவு கேட்டு எழுதிய மனு என் பையில் இருந்தது.

உங்கள் பள்ளியின் பெயருக்கு உரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியுமா?

மனுவைக் கிழித்தேன். குப்பத்தில் இறங்கி, கன்னியம்மாவின் வீட்டுக்கு நடந்தேன்.