பஞ்சின் மேல் பழி

சூலூர்ப் பக்கம் யாருக்கு மூச்சு வாங்கினாலும் முதல் பழி பஞ்சுக்குத்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் விசைத்தறிக் கூடம் வேறு இருக்கிறது. சரவணம்பட்டி ஆபீசிலிருந்து வந்த ஒரு சாயங்காலம், வாசற்படியில் உட்கார்ந்து நான் மூச்சுக்குத் திணறியபோது அம்மா காரணமே கேட்கவில்லை. "பஞ்சு நெஞ்சுல ஏறிப்போச்சுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

பஞ்சு பாவம். அன்று ஆபீசில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் முன்னால் நான் பேச வேண்டியிருந்தது. பெயரைச் சொன்னதோடு நின்றுபோனேன். நெஞ்சு அடைத்து, விரல்கள் மரத்து, அங்கேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் தனியாகப் போய்ப் பார்த்த டாக்டர், எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்றார். மூளையில் பயத்தைக் கிளப்பும் இடத்துக்கும் மூச்சை நடத்தும் இடத்துக்கும் போக்குவரத்து உண்டாம். பயந்தால் மூச்சு வேகமெடுக்கும்; மூச்சு வேகமெடுத்தால் ஆபத்து நிஜம்தான் என்று மூளை இன்னும் பயப்படும். "மூச்ச மெதுவா வெளிய விட்டுப் பழகுங்க. பயமும் கொஞ்சம் அடங்கும்" என்றார்.

எனக்குப் புரிந்தது. வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. நெஞ்சில் கோளாறு என்றால் பரிதாபப்படுவார்கள். இவ்வளவு படித்தவளுக்கு நாலு பேர் முன்னால் பேசப் பயம் என்றால் என்ன நினைப்பார்கள்? "பாத்துக்கலாம்னு சொன்னாருங்க" என்று மழுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் தறிச் சத்தம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அது. பின்னால் போய்ப் பார்த்தேன். என்னைப் படிக்க வைத்த தறிகளை அப்பா துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தறியப் பாக்க ஆள் வருது கண்ணு. வெலைக்குக் குடுத்துப்போடலாம். நீ உள்ள வராத, தூசி."

நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். இன்னொரு முறை விட்டேன்.

"தறியால இல்லீங்கப்பா. எனக்குப் பயமுங்க. ஆபீஸ்ல பேசறதுக்குப் பயம். டாக்டர் அன்னைக்கே சொல்லிப்போட்டாருங்க. எனக்குத்தான் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுவிட்சில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஓட்டட்டுமா கண்ணு?"

தன் தறியை ஓட்ட என்னிடம் கேட்டுவிட்டு நிற்கிறார். தலையை ஆட்டினேன். நிமிர்த்தத்தான் முடியவில்லை.