பட்டாளத்தார் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது

அந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் வாலிபால் போட்டி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை. எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் இருந்தபோது வாலிபாலில் பெரிய ஆட்டக்காரர். அவர் இறங்கினால் கோப்பை எங்களுக்குத்தான்.

ஆனால் பணி முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். தூக்கத்தில் யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிடுவார். திமிர் பிடித்தவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நைனார்பாளையத்துக்குப் பஸ் ஏறினார். பெரியப்பாவோடு ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார்.

"யாராண்டயும் பேச மாட்டேங்கறாருங்க. எனக்குப் பயமா இருக்குது" என்றார் பெரியம்மா.

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். "எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. டாக்டராண்ட போனேன். கூட இருந்தவங்களோட பேசிக்கினே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா சரியாச்சு. நாங்க வரோம்."

"வாலிபால் ஆடவா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா பாப்பா, வாலிபால் ஆடத்தான்."

போட்டியன்று காலையில் கடைக்காரரோடு சேர்த்துப் பழைய பட்டாளத்தார் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் தொப்பை. கடைக்காரர் அறை வாசலில் நின்று, "மச்சான், ஒரு ஆள் கொறையுது. நீ வந்தாதான் ஆட்டம்" என்றார். கதவு திறக்கவில்லை. ஐந்து பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பழைய முகாம்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கும் அவசரமே இல்லை. நான்தான் மைதானத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

"மைக்குல கூப்ட்டுக்கினே இருக்காங்க பெரிப்பா!"

கதவு திறந்தது. "ஷூ இல்லியே" என்றார் பெரியப்பா.

"எங்களுக்கு மட்டும் இருக்குதா? வா."

எதிரணியில் கரும்பு வெட்டும் இளைஞர்கள். முதல் விசில் ஊதியதும் பெரியப்பா உடம்பு விறைத்து நின்றுவிட்டார். கடைக்காரர் பந்தை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவர் தோளில் கைவைத்துப் பக்கத்திலேயே நின்றார். ஒரு புள்ளி போயிற்று. எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் அடுத்த பந்து உயரமாக வந்தது. பெரியப்பா எம்பினார். அவர் அடித்த அடியில் பந்து வலைக்கு அந்தப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். கடைசிவரை இழுபறி. மயிரிழையில் தோற்றோம்.

ஆறு பேரும் மூச்சு வாங்க மண்ணில் மல்லாந்து கிடந்து சிரித்தார்கள். பெரியப்பாவும்தான்.

"நாளான்னிக்குக் கள்ளக்குறிச்சிக்கு டாக்டராண்ட போலாம் மச்சான். நானும் கூட வரேன்" என்றார் கடைக்காரர்.

பெரியப்பா வானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "சரி, வா."

என் பக்கத்தில் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்க பெரிம்மா. அடுத்த வருசம் நம்மதான் ஜெயிப்போம்."

அவர் தலையை ஆட்டினார். அழுகை மட்டும் நிற்கவில்லை. ஒரு கோப்பைக்குப் போய் இவ்வளவு அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.